சம்மனே வரவில்லை, தீர்ப்பு மட்டும் வந்திருக்கிறது!

கேள்வி: ஐந்து வருடத்துக்கு முன்னால் கணவரின் நண்பர் ஒரு ஃபைனான்ஸில் கடன் வாங்கியபோது நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். நாங்கள் வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது. போன வாரம் கோர்ட்டிலிருந்து, தீர்ப்புப் பணத்தை வசூலிக்கக் கேட்கும் நிறைவேற்று மனு நோட்டீஸ் வந்தது. படித்தால், என் மேல் வழக்குப் போட்டு, ஒரு வருடத்துக்கு முன்பே எக்ஸ்பார்ட்டி தீர்ப்பும் (நான் ஆஜராகாததால் என் தரப்பைக் கேட்காமலே சொன்ன தீர்ப்பு) ஆகியிருக்கிறது. சம்மன் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. "முப்பது நாள் தாண்டிவிட்டது, கட்டித்தான் ஆகவேண்டும்" என்கிறார் ஒருவர். "ஹைகோர்ட் போனால் உடைத்துவிடலாம்" என்கிறார் இன்னொருவர். ஜெயிலில் போடுவார்களா? வக்கீல் ஃபீஸுக்கும் கையில் ஒன்றுமில்லை.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில். பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்ய முடியாது; உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 56 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சொத்தையும் பாங்க் கணக்கையும் ஜப்தி செய்யலாம், சம்பளம் வாங்கினால் அதில் ஒரு பங்கையும் பிடிக்கலாம். அதனால் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குங்கள், நாளைக் காலை கோர்ட்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.

உங்களுக்கு யோசனை சொன்ன இருவருமே பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவை, தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில்தான் போடவேண்டும் (அதே நடைமுறைச் சட்டம், ஆணை 9, விதி 13), ஹைகோர்ட்டில் அல்ல. கெடு முப்பது நாள்தான். ஆனால் சம்மன் முறைப்படி சார்பாகவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால் அந்த முப்பது நாள் தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடாது, தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும். நோட்டீஸ் போன வாரம்தான் வந்தது என்கிறீர்கள், அப்படியானால் நாள் இன்னும் இருக்கிறது. அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தபால் முத்திரைத் தேதி உங்களுக்குச் சாட்சி.

இனி முக்கியமான விஷயம். வக்கீலிடம் முழுக் கதையையும் சொல்வதற்கு முன்னால், கேஸ் கட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். சம்மன் எப்படிச் சார்பானது என்று அதில் அமீனா எழுதியிருப்பார். "வீட்டிலிருந்த உறவினர் வாங்கிக்கொண்டார்", "பெற மறுத்தார்", "கதவு பூட்டியிருந்ததால் ஒட்டப்பட்டது", இல்லையென்றால் ஏதோ ஒரு பேப்பரில் விளம்பரம் கொடுத்தது, இதில் எது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் மனுவே அமையும். பேப்பர் விளம்பரம் மட்டும்தான் என்றால், கெடுவைக் கணக்கிடும்போது காலவரையறைச் சட்டம் அதை முறையான சார்பாக எடுத்துக்கொள்வதில்லை. உங்களுக்கு அது நல்லது. பழைய முகவரியில் ஒட்டியிருந்தால், அந்தத் தேதியில் நீங்கள் அங்கே இல்லை என்று காட்ட வாடகை ஒப்பந்தம், சமையல் கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளிச் சான்று என்று எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றே ஒன்று, பழைய வீட்டுக்காரர் அப்போதே போன் செய்து சொல்லியிருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். வழக்கின் தேதி உங்களுக்கு முன்பே தெரியும், வந்து சொல்ல அவகாசமும் இருந்தது என்று நீதிபதிக்குத் தோன்றிவிட்டால், சம்மனில் இருந்த சின்னக் குறையை வைத்துத் தப்ப முடியாது.

நாள் தாண்டியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கூடவே தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவையும் (காலவரையறைச் சட்டம், பிரிவு 5) போட்டுவிடுவது பாதுகாப்பு. இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ரத்து மனு போட்டதாலேயே ஜப்தி நிற்காது, அதற்குத் தனியாகத் தடை கேட்கவேண்டும். நோட்டீஸில் போட்டிருக்கும் வாய்தாவுக்கும் கட்டாயம் ஆஜராகுங்கள்.

ஃபீஸ் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ஆம் வருடச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் வக்கீலைக் கொடுப்பார்கள், கோர்ட் கட்டணத்தையும் பார்த்துக்கொள்வார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். நோட்டீஸில் கெடு இருப்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் உங்கள் மனு வரிசையில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும்.

சரி, ரத்தானால் கடனும் போய்விடுமா? போகாது. வழக்கு பழையபடி தொடங்கும், அவ்வளவுதான். கோர்ட் செலவுத் தொகையோ கடனில் ஒரு பகுதியோ கட்டச் சொல்லி நிபந்தனையும் போடலாம். ஜாமீன்தாரருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றுதான் என்கிறது ஒப்பந்தச் சட்டம் (பிரிவு 128). அதனால் கணக்கைக் கேட்டு வாங்குங்கள், வட்டி சரியா என்று பாருங்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பேசி முடிக்கவும் வழி உண்டு, ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது.

கேள்வி: எனக்குச் சம்மன் வந்தது, வக்கீலும் வைத்தேன். அவர் வாய்தாவுக்குப் போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. நான் என்ன செய்ய?

பதில்: உங்கள் விஷயத்தில் முப்பது நாள் தீர்ப்புத் தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கக்கூடாது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். "நீங்கள் எத்தனை முறை விசாரித்தீர்கள்?" என்றுதான் கேட்பார்கள். போன் பதிவு, வாட்ஸப் செய்தி, ஃபீஸ் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வக்கீலை மாற்றுவதானால் பழையவரிடம் கேஸ் கட்டையும் ஆட்சேபணை இல்லை என்ற கையெழுத்தையும் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.