டயாலிசிஸ் ஃபிஸ்டுலா போட்ட கை புடைத்துத் தெரிகிறது. அதை மறைத்துக்கொண்டு வெளியில் போய்வருவது எப்படி?

தங்கச்சி, உங்கள் கேள்வியைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். வயது 27, இடது கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் மெஷினுக்கு ரத்தம் எடுக்கக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைப்பது) போட்டு ஒன்றரை வருடம், முழங்கைக்கு மேலே இரண்டு இடத்தில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருக்கிறது, பஸ்ஸில் எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள், எதைப் போட்டு மறைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு 44 வயது. கோத்தகிரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடமாக வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கும் இடது கைதான், முழங்கை மடிப்புக்குச் சற்று மேலே.

மறையுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஊரார் பார்வைக்கு நம் கையைக் காட்டியே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. ஆனால் இறுக்கமான எதையும் போட்டு மறைக்காதீர்கள். மறைத்துவிட்டு நீங்களே அதைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் செய்து ஃபிஸ்டுலாவை இழக்கப் பார்த்தவள் நான்.

நாலு வருடத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கு மேட்டுப்பாளையத்தில் கல்யாணம். பட்டுப்புடவை, குட்டைக் கை ஜாக்கெட், மேடையில் நின்று போட்டோ. அதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வராது. தையல் தெரிந்தவள்தானே என்று கறுப்புப் பனியன் துணியில் ஒரு கை உறை தைத்தேன். மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் வரும். நழுவாமல் நிற்க மேல் விளிம்பில் அரை இஞ்ச் எலாஸ்டிக் வைத்தேன். பார்க்க அவ்வளவு நேர்த்தி. கல்யாணத்தில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நிம்மதி பழகிவிட்டது. ஊருக்கு வந்த பிறகும் கழற்றவில்லை. மார்கழிக் குளிர் வேறு, கைக்குக் கதகதப்பாக இருந்தது. கடைக்கு, சந்தைக்கு, கடைசியில் படுக்கைக்கும் அதோடுதான்.

அந்த மாதம் முழுக்கக் கை என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஊசி எடுத்த பிறகு ரத்தம் நிற்க வழக்கமாகப் பத்து நிமிடம் போதும். அது 25 நிமிடம் ஆனது. மெஷினில் வீனஸ் பிரஷர் அலாரம் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் வழியில் அழுத்தம் கூடினால் அடிப்பது) அடிக்கடி அடித்தது. கையைத் தொட்டால் சலசலவென்று ஓடும் அதிர்வு குறைந்து, நெஞ்சுத் துடிப்பு மாதிரி தட்டித் தட்டித் துடித்தது. இவை எல்லாம் ரத்தம் வெளியேறும் வழி குறுகுகிறது என்பதற்கான அடையாளங்கள். உறைக்குள் இருந்ததால் வீட்டில் நான் பார்க்கவும் இல்லை, தொடவும் இல்லை.

ஒரு டயாலிசிஸ் அன்று எனக்கு ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உறையோடு தூங்கிப்போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு விழித்தபோது ஏதோ ஒன்று இல்லாதது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சத்தம் இல்லை. கையைத் தலைக்குக் கீழே வைத்தால் காதில் கேட்குமே, ஃபிஸ்டுலாவில் ரத்தம் ஓடும் அந்த உஸ் உஸ் சத்தம். உறையைக் கழற்றினேன். எலாஸ்டிக் பதிந்த தடம் தோலில் வளையமாகப் பள்ளம் விழுந்திருந்தது, பல் வைத்துக் கடித்தது மாதிரி. அதற்குக் கீழே குழாய் விறைத்து, சுருட்டிய கயிறு போலக் கெட்டியாக இருந்தது. விரலை எங்கே வைத்தாலும் அசைவே இல்லை.

என் வீட்டுக்காரர் டாக்ஸி பிடித்தார். பனிமூட்டத்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய்ச் சேர ஒன்பதரை மணி. டாக்டர் கையைப் பார்த்ததும், "என்னம்மா இது, கயிறு போட்டுக் கட்டின மாதிரி?" என்றார். ரத்தக்கட்டியை எடுத்துவிட்டு, மேலே குறுகியிருந்த இடத்தைப் பலூன் வைத்து விரித்தார்கள். எலாஸ்டிக் மட்டும் காரணம் இல்லையாம். குழாய் ஏற்கெனவே குறுகிக்கொண்டு வந்திருக்கிறது, அன்று ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது, இறுக்கமும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கே போனதால் ஃபிஸ்டுலா தப்பியது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால் ஃபிஸ்டுலாவுக்குப் பதில் டயாலிசிஸுக்கு மறுபடி கழுத்தில் டியூப், புது ஆபரேஷன். கழுத்து டியூப் எனக்கு மூன்று மாதம் இருந்தது. தலைக்குக் குளிக்க முடியாது, காய்ச்சல் வந்தால் டியூப்பில் கிருமியோ என்ற பயம். கையில் இருக்கிற புடைப்பை அந்த மூன்று மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு இதன் மேல் கோபம் வருவதில்லை.

ஏன் புடைக்கிறது என்று உங்களுக்கு யாராவது சொன்னார்களா? எனக்கு ரொம்ப நாள் சொல்லவில்லை. நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது சிரையை. சாதாரணமாக அதில் ரத்தம் மெதுவாகத்தான் போகும். மெஷினோ நிமிடத்துக்கு 300 மில்லிக்குப் பக்கமாக இழுக்கிறது. அதனால் பக்கத்தில் வேகமாக ஓடும் தமனியோடு சிரையைச் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். தமனியின் அழுத்தம் பாய்ந்து பாய்ந்து சிரை பருத்து, சுவர் தடித்து, ஒன்றிரண்டு மாதத்தில் ஊசி தாங்கும் அளவுக்கு முற்றுகிறது. 600 மில்லியாவது நிமிடத்துக்கு ஓடினால் நல்ல ஃபிஸ்டுலா. 1960-இல் அமெரிக்காவில் ஸ்கிரிப்னர் என்ற டாக்டர் கண்டுபிடித்த முறையில் இரண்டு குழாய்களைக் கையிலேயே தோலுக்கு வெளியே நிரந்தரமாக விட்டிருந்தார்கள். 1966-இல் நியூயார்க்கில் பிரேஷியா, சிமினோ இருவரும் சக டாக்டர்களோடு சேர்ந்து, நம் உடம்புக் குழாயையே வைத்துச் செய்யும் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாம் தோலுக்கு உள்ளே. இதை எங்கள் டெக்னீஷியன் தம்பி ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டே சொன்னார்.

முழுக்கப் பருப்பது ஒன்று, எலுமிச்சை மாதிரி தனித்தனியாகப் புடைப்பது இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் ஊசியால் வருவது. தையல்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி இறங்கினால் துணி இற்றுப்போகும். அதுவும் சின்ன ஊசியா? தையல் மெஷின் ஊசியில் நம்பர் கூடினால் தடிமன் கூடும். இங்கே தலைகீழ், நம்பர் குறையக் குறையத் தடிமன். எனக்குப் போடுவது 16. ஜீன்ஸ் தைக்கிற 16-ஆம் நம்பர் ஊசியைவிட இது பருமன். ஒரு தடவைக்கு இரண்டு, வாரத்துக்கு ஆறு, வருடத்துக்கு 300-க்கு மேல். மெத்தென்று பழகிய இடத்தில் வலி குறைவு என்று நாமே, "அங்கேயே போடுங்க தம்பி" என்று கேட்போம். நானும் கேட்டேன். அந்த இடம் பலூன் மாதிரி மெலிந்து உப்பும். அதற்குப் பதில் ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், உங்கள் கை அது. பட்டன்ஹோல் என்று இன்னொரு முறையும் இருக்கிறது, நம் பாஷையில் காஜா. ஒரே ஓட்டை, ஒரே கோணம், கூடுமானவரை ஒரே ஆள், தடம் விழுந்த பிறகு மொட்டை ஊசி. புடைப்பு குறையும், ஆனால் கிருமி புக வாய்ப்பு அதிகம். சுத்தத்தில் கறாரான இடமாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் பேசிப் பாருங்கள்.

தினமும் நான் செய்வது ரொம்ப எளிது. காலையில் பல் விளக்கும் முன் வலது கை இரண்டு விரலை ஃபிஸ்டுலா மேல் வைத்துப் பார்ப்பேன். மோட்டார் ஓடும்போது தையல் மெஷின் பலகையில் கை வைத்தால் ஒரு நடுக்கம் தெரியுமே, அதே மாதிரி இருக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு என் வீட்டுக்காரர் வைத்துப் பார்ப்பார். முதல் ஒரு வருடம் அவர் அந்தக் கையைத் தொடவே பயந்தார், எங்கே வெடித்துவிடுமோ என்று. கோயம்புத்தூர் போய்வந்த பிறகு நான்தான் அவர் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன். இப்போது டிவி பார்த்துக்கொண்டே கையை நீட்டுவார், நான் கொடுப்பேன். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்குவேன். தூக்கியதும் புடைப்பு வாடித் தளர வேண்டும். தூக்கிய பிறகும் கல் மாதிரி விறைப்பாகவே இருந்தால், ரத்தம் திரும்பும் வழியில் அடைப்பு தொடங்குகிறது என்று சந்தேகப்பட்டு டாக்டரிடம் சொல்லிவிடுவேன். அதிர்வே தெரியாவிட்டால் காத்திருக்கக் கூடாது. அன்றே, அந்த மணியே கிளம்ப வேண்டும்.

உங்கள் புடைப்பின் மேல் தோல் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் எனக்குக் கவலை. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தோல் பளபளவென்று வெங்காயத் தாள் மாதிரி மெலிந்திருந்தாலோ, பொருக்கு ஆறாமல் பெரிதாகிக்கொண்டே போனாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ, புடைப்பு வேகமாக வளர்ந்தாலோ அது அழகுப் பிரச்சினை இல்லை. உடனே காட்டுங்கள். அந்த இடத்தில் ஊசி போட விடாதீர்கள். என்றைக்காவது வீட்டில் ரத்தம் பீறிட்டால் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடாதீர்கள். துண்டு ரத்தத்தைக் குடிக்கும், அழுத்தம் இடத்தில் விழாது. ஓட்டை மேலேயே விரலை வைத்து அழுத்திக்கொண்டு கையை உயர்த்திப் பிடியுங்கள், 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இதை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியாக வெளுத்திருக்கும். டயாலிசிஸில் ரத்தம் வெளியே போய் வரும்போது உடம்பு நடுங்கும். கம்பளியை இழுத்துப் போர்த்தத்தான் தோன்றும். போர்த்துங்கள், ஆனால் ஊசி போட்ட கை வெளியே தெரிய வேண்டும். ஊசி நழுவினால் கம்பளிக்குள் ரத்தம் போவது யாருக்கும் தெரியாது, சில நிமிடத்தில் உயிர் போகும் அளவுக்குப் போய்விடும். எங்கள் சிஸ்டர் கம்பளியை விலக்கும்போதெல்லாம் முதலில் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது நானே விலக்கி வைக்கிறேன். குளிரில் அந்தக் கை விரல்கள் மட்டும் வெளுத்து, சில்லிட்டு, வலித்தால் குளிர்தானே என்று விடாதீர்கள். விரலுக்குப் போகவேண்டிய ரத்தத்தை ஃபிஸ்டுலா இழுத்துக்கொள்வதாலும் அப்படி ஆகும்.

அந்தக் கையில் பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது, பை மாட்டுவது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பது எதுவும் வேண்டாம். இது உங்களுக்கே தெரிந்திருக்கும். வளையல் பற்றி மட்டும் சொல்கிறேன். அதே அக்கா மகளுக்கு ஒன்றரை வருடம் கழித்து வளைகாப்பு நடந்தது. வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் அடுக்கினார்கள். பெரியம்மா என் இடது கையைப் பிடித்து, "வெறுங்கையா நிக்கலாமாடி, நல்ல நாளும் அதுவுமா" என்றார். சபையில் எல்லோரும் பார்த்தார்கள். நான் முந்தானையை விலக்கி, "பெரியம்மா, இதுலதான் எனக்கு உசுரு ஓடுது. கண்ணாடி வளையல் உடைஞ்சு குத்தினா போச்சு. இந்தக் கைக்கு உள்ளதையும் சேர்த்து வலது கையில போடுங்க" என்றேன். அவர் விரலை வைத்துப் பார்த்தார். சட்டென்று எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தார். அப்புறம் வலது கையில் இரண்டு கைக்குமான பச்சை வளையலை எண்ணி எண்ணிப் போட்டுவிட்டார். அன்றைக்கு எடுத்த போட்டோவில் என் இடது கை நன்றாகவே தெரிகிறது. அதைக் கடையில் மாட்டியிருக்கிறேன்.

புடைப்பை ஆபரேஷனில் சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியும். உப்பிய சுவரை வெட்டிச் சிறிதாக்கித் தைப்பார்கள். ஆனால் தோல் மெலிந்தாலோ அடைப்பு இருந்தாலோதான் பெரும்பாலும் செய்கிறார்கள், வெறும் தோற்றத்துக்காக ஓடுகிற ஃபிஸ்டுலாவில் கை வைக்க யோசிப்பார்கள். அவர்கள் யோசிப்பது நியாயம் என்பது என் எண்ணம். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்து நன்றாக வேலை செய்கிறவர்களில் சிலருக்கு ஃபிஸ்டுலாவை மூடிவிடுவதும் உண்டு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உங்களுக்குத் துணி. ஸ்ட்ரெட்ச் துணி வேண்டாம், எலாஸ்டிக் எங்கேயும் வேண்டாம். மெல்லிய காட்டன் அல்லது ரேயான், முக்கால் கை, முழங்கைக்குக் கீழே விரியும் பெல் மாடல். புடைப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு எடுத்து அதோடு நாலு இஞ்ச் லூஸ் விடுங்கள். டேப்பைத் தோல் மேல் சும்மா படுகிற மாதிரி வையுங்கள், இழுக்காதீர்கள். டயாலிசிஸ் அன்று அளவு எடுக்க வேண்டாம், கட்டு இருக்கும். ஸ்வெட்டருக்குக் கையின் உள்பக்கத் தையலை விளிம்பிலிருந்து அக்குள் வரை பிரித்து, பிளாஸ்டிக் ஜிப் வைத்துத் தைக்கலாம். குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றாமலே ஊசி போட்டுக்கொள்ளலாம். ஜிப்பின் பல் தோலில் உரசாமல் உள்ளே ஒரு பட்டித் துணி கொடுக்க வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள். எங்கள் யூனிட்டில் ஐந்து பேருக்கு இப்படித் தைத்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தோள் அகலம், கை நீளம், சுற்றளவு மூன்றையும் இந்தப் பதிலுக்குக் கீழே எழுதுங்கள், வெட்டும் படத்தை வரைந்து போடுகிறேன். அதற்கு முன்னால் தோல் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.