டெவென்டரில் அரை நாள்: ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: மகன் நெதர்லாந்தில் என்ஸ்கெடேயில் படிக்கிறான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவனைப் பார்க்கப் போகும் வழியில் டெவென்டரில் அரை நாள் இறங்க நினைக்கிறோம். மிகப் பழைய ஊர் என்கிறார்கள். எதைப் பார்த்தால் ஊர் புரியும்?

பதில்: தாராளமாக இறங்கலாம். ரயில் நிலையத்திலிருந்து பிரிங்க் என்னும் பெரிய சதுக்கம் பத்து நிமிட நடை. பலர் அங்கேயே காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஊரைத் தவறவிடுவது அப்படித்தான். பிரிங்க்கைக் கடந்து நேரே ஐசல் ஆற்றங்கரைக்குப் போய், படகில் அக்கரையிலுள்ள வோர்ப் பூங்காவுக்குச் செல்லுங்கள். குளிர்காலத்தில் வெள்ளம் ஏறினால் படகு ஓடாது, கரைச்சாலையே மூழ்குவதும் உண்டு. அப்போது வில்ஹெல்மினா பாலத்தில் நடந்து போகலாம்.

அங்கிருந்து பார்த்தால் ஊர் இங்கே எழுந்த காரணம் விளங்கும். ரைன் நதியின் கிளையான ஐசல், உள்நாட்டை வடகடலோடு இணைத்த வழி. 768 வாக்கில் லெபுயினுஸ் என்ற ஆங்கிலோ-சாக்சன் துறவி இங்கே தேவாலயம் கட்டினார். 882இல் வைக்கிங்குகள் ஊரைச் சூறையாடினார்கள். பிறகு ஹான்சா வணிகக் கூட்டமைப்பில் சேர்ந்து ஊர் செழித்தது. நார்வேயின் பெர்கனிலிருந்து கருவாடு வந்தது, ரைன் கரையிலிருந்து ஒயின் வந்தது, ஆண்டுக்கு ஐந்து பெருஞ்சந்தைகள் கூடின. ரைனின் நீர் பெரும்பாலும் வால் (Waal) என்னும் இன்னொரு கிளைக்குத் திரும்பியதும் ஐசல் மணல் மேடிட்டது. பெரிய கப்பல்கள் வர வழியில்லை; போரும் சேர்ந்துகொள்ள, வணிகம் மேற்கே போய்விட்டது.

திரும்பி வந்து பிரிங்க்கில் 1528இல் கட்டத் தொடங்கிய வாக் என்னும் எடைமாளிகையைப் பாருங்கள். சந்தைச் சரக்குக்கு இங்கேதான் எடை போட்டார்கள். அதன் வெளிச்சுவரில் ஒரு பெரிய செம்புக் கொப்பரை தொங்குகிறது. கள்ள நாணயம் அடித்தவனைக் கொதிக்க வைத்துக் கொன்ற கொப்பரை அது. எடையும் நாணயமும் பொய்த்தால் சந்தையே போய்விடும் என்ற அச்சம் எவ்வளவு கொடூரமாகச் செயல்பட்டது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

எனக்கு இந்த ஊரில் அதைவிட முக்கியமாகப் படுவது புத்தகம். இங்கே 1340இல் பிறந்த கேர்ட் குரோட்டே என்ற சமயப் போதகரின் சீடர்கள் எளிய வாழ்வை மேற்கொண்டு, நூல்களைப் படியெடுத்துப் பிழைத்தார்கள். பின்னாளில் பெரும் அறிஞராகப் புகழ்பெற்ற எராஸ்முஸ் இங்கிருந்த லத்தீன் பள்ளியில் சிறுவனாகப் படித்தார். மாணவர் கூட்டத்துக்குப் பாடநூல் வேண்டுமே! 1477இல் ரிச்சர்ட் பாஃப்ராட் அச்சகம் நடத்தத் தொடங்கினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் டெவென்டர் நாட்டின் முதன்மை அச்சு நகரங்களில் ஒன்றாகிவிட்டது. 1560இல் தொடங்கிய நகர நூலகம் இன்றும் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று தெருக்களில் கிலோமீட்டர் கணக்கில் பழைய புத்தகக் கடைகள் விரிகின்றன. தேதி பொருந்தினால் விடாதீர்கள்.

கடைசியாக, இரட்டைக் கோபுர பெர்க் தேவாலயம் நிற்கும் மேட்டுப் பகுதி. இந்தச் சந்துகள் ஒரு காலத்தில் பாழடைந்து கிடந்தவை. இப்போதைய பொலிவு 1960களின் இறுதியில் தொடங்கிய சீரமைப்பால் வந்தது. கல் பாவிய ஏற்றம் என்பதால் சக்கரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

நாள் தேர்வில் கவனம். திங்கள்கிழமை அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும். சனிக்கிழமைச் சந்தை பிரிங்க்கையே மறைத்துவிடும், கட்டடங்களை நின்று பார்க்க முடியாது. செவ்வாய் முதல் வியாழன் வரை வசதி. மகனுக்கு டெவென்டர் கேக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்: கோதுமையைப் போன்ற ரை என்னும் தானியத்தின் மாவும் தேனும் சேர்ந்தது, பழைய செய்முறையில் வெண்ணெயோ முட்டையோ கிடையாது, பல நாள் கெடாது. இப்போது பல வகைகள் வருவதால், சைவம் என்றால் உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.