காய்ச்சலில் உடம்பு கொதிக்கிறது, ஆனால் குளிரில் நடுங்குகிறோமே, ஏன்?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. உடல் சூட்டை 37 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. சூடு கூடினால் தோலுக்கு ரத்தம் அதிகம் பாயும், வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். (சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது; அங்கே புழுக்கம் வாட்டுவது அதனால்தான்.)

சரி, காய்ச்சலில்? கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளை அணுக்கள் விடுகிற ரசாயனங்களால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் கூடுகிறது. அது மூளை வைத்திருக்கும் இலக்கையே ஏற்றிவிடும். இலக்கு 39 என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு 38-ஐத் தொட்டிருந்தாலும் மூளைக்கு அது குளிர்தான். ஆகவே தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி கைகால் சில்லிடும்; தசைகள் வெடவெடவென்று நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். நெற்றி கொதிக்கும்போதும் இன்னொரு போர்வை கேட்பது இதனால்தான்.

பாராசிட்டமால் போட்டால் புரோஸ்டாகிளாண்டின் குறைந்து இலக்கு கீழே இறங்கும். இப்போது அதே 39 மூளைக்கு அதிகச் சூடு. அப்புறம் பாருங்கள், சட்டை நனைய வியர்த்துக் கொட்டும், போர்வையை உதைத்துத் தள்ளுவோம்.