கோப்பை கசிகிறது, விற்றவர் சிரிக்கிறார்: வாசகர் கேள்வி-பதில்

கே: கையால் செய்த களிமண் கோப்பை வாங்கினேன். வைத்த இடமெல்லாம் ஈர வளையம். 'கைவேலை என்றால் அப்படித்தான்' என்று சிரிக்கிறார் விற்றவர்.

ப: அப்படியெல்லாம் இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஸ்டோன்வேர் என்கிற, கல்போல் இறுகும் வகை மண் 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெந்தால்தான் இறுகும். அதைவிடக் குறைந்த சூட்டில் சுட்டு எடுத்த எர்தன்வேர் என்கிற மண்பாண்டத்தில் நுண்துளைகள் இருக்கும், கிளேஸில், அதாவது மேலே பூசிய கண்ணாடி போன்ற பூச்சில், மயிரிழை விரிசல் விழுந்தாலே போதும், ஈரம் மெல்ல அடிவரை இறங்கிவிடும். கோப்பையைக் காயவைத்துக் கவிழ்த்து, அடியில் கிளேஸ் படாத வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அதை வீடியோ எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கே: தங்கக் கோடு போட்ட தட்டு மைக்ரோவேவில் பொறி பறந்து கருகிவிட்டது. அடியில் 'மைக்ரோவேவ் கூடாது' என்று இருந்ததைக் கவனிக்கவில்லை. நஷ்டஈடு கிடைக்குமா?

ப: கிடைக்காது.

கே: 'ஈயம் இல்லை, உணவுக்கு உகந்தது' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பச்சைக் கிண்ணம். எலுமிச்சைச் சாறு வைத்த இடம் வெளுத்துவிட்டது.

ப: இந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈயம் சேர்க்கவில்லை என்பது வேறு, கிளேஸ் கரையாது என்பது வேறு. பச்சைக்குத் தாமிரத்தை அள்ளிப் போட்டு, சூளையில் அரைகுறையாக உருக்கினால், புளிப்புப் பட்டதும் அது உணவில் இறங்கும். எலுமிச்சைத் துண்டையோ வினிகரையோ ராத்திரி முழுக்க வைத்துப் பாருங்கள், நிறம் மாறினால் அந்தக் கிண்ணத்தில் சாப்பிடாதீர்கள். ஆனால் மாறவில்லை என்பதற்காக நல்ல கிண்ணம் என்று சான்றிதழ் கொடுத்துவிடாதீர்கள், ஈயம் கரைவது கண்ணுக்குத் தெரியாது, ஆய்வகச் சோதனைதான் சொல்லும். அந்த அறிக்கை எங்கே என்று விற்றவரைக் கேளுங்கள், முக்கால்வாசிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். நானும் இதே ஸ்டிக்கரை நம்பி வாங்கிய கிண்ணத்தில்தான் இப்போது சாவி போட்டு வைத்திருக்கிறேன்.

கே: சூளையே வேண்டாத, தானே காயும் களிமண்ணில் சூப் கிண்ணம் செய்யலாமா?

ப: சூப் குடிக்க ஆசை இல்லையென்றால் செய்யலாம்.

கே: மண்பாண்டம் செய்யும் வகுப்பு ஒன்றுக்குப் போனேன், பிடித்துவிட்டது. சக்கரம், சூளை இரண்டையும் ஆர்டர் செய்யப் போகிறேன்.

ப: ஒரே வகுப்பிலா? கொஞ்சம் பொறுங்கள். மண்ணைக் கிள்ளிக் குழித்தும், திரியாக்கிச் சுற்றியும், தகடாக உருட்டியுமே கிண்ணம், தட்டு, கோப்பை எல்லாம் செய்யலாம், சக்கரம் தேவையில்லை. சூளைக்குத் தனி மின் இணைப்பும் புகை போக வழியும் வேண்டும். கூலிக்குச் சுட்டுத் தருபவர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். அப்புறம், காய்ந்து வெந்து முடிவதற்குள் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும், கோப்பையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்யுங்கள்.