வாசகர் கேள்வி – பதில்: கொழும்புப் புழுக்கத்தில் மரதன்

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்கு வயது 38. அதிகாலை 5 மணிக்கு மரைன் டிரைவில் பயிற்சி செய்கிறேன். முழு மரதனை 4 மணித்தியாலத்தில் முடிக்க விரும்பி, கிலோமீற்றருக்கு 5 நிமிடம் 41 வினாடி என்ற வேகத்தில் ஆரம்பிக்கிறேன். பாதித் தூரம் வரை சிரமமே தெரிவதில்லை. 28ஆவது கிலோமீற்றருக்குப் பின் நடக்க வேண்டியதாகிவிடுகிறது. நுவரெலியாவில் தங்கியிருந்தபோது இதே வேகத்தில் களைப்பின்றி நெடுந்தூரம் ஓடினேன். எங்கே தவறுகிறேன்?

பதில்: பயிற்சியில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. மலைநாட்டுக் குளிரில் கைகூடிய வேகத்தைக் கடலோரப் புழுக்கத்திலும் எதிர்பார்ப்பதுதான் சிக்கல். ஓடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே ஓட்டத்துக்குப் பயன்படுகிறது; மிகுதி வெப்பமாக உடலில் சேர்கிறது. அந்த வெப்பம் வெளியேற வியர்வை ஆவியாக வேண்டும். பனியனை நனைத்துச் சொட்டும் வியர்வையால் உடல் குளிர்வதில்லை. கொழும்பில் அதிகாலை வெப்பநிலை 26 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாலும், காற்றின் ஈரப்பதன் பெரும்பாலும் 85 வீதத்தைத் தாண்டியிருக்கும். ஆகவே விடியற்காலையில் நாம் உணரும் குளிர்ச்சியை முழுமையாக நம்ப முடியாது. வெயில் இல்லை என்பதே அந்த நேரத்தின் உண்மையான நன்மை.

வெப்பத்தை வெளியேற்றுவதற்காக உடல் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவதால், தசைகளுக்கும் போதிய இரத்தம் கிடைக்க இதயம் கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. வேகம் மாறாமலேயே நாடித்துடிப்பு கிலோமீற்றருக்குக் கிலோமீற்றர் ஏறிக்கொண்டு போவதை உங்கள் கைக்கடிகாரத்தில் காணலாம். தசைகளில் சேமித்துள்ள மாச்சத்தும் வழமையைவிட விரைவாகத் தீர்கிறது. 28ஆவது கிலோமீற்றரில் கால் தளர்வதற்கான காரணம் முதல் பத்துக் கிலோமீற்றரிலேயே உருவாகிவிடுகிறது.

மரைன் டிரைவில் இன்னொன்றையும் கவனியுங்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கமாக ஓடும்போது காற்று ஓரளவு முதுகுப் பக்கமிருந்து வீசும். அது சுகமாகத் தோன்றினாலும், காற்றும் நீங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்ந்தால் உங்களைச் சுற்றியுள்ள காற்று அசையாமல் நின்றதற்குச் சமம். வியர்வை உலராது, உடற்சூடு ஏறும். திரும்பி வரும்போது எதிர்க்காற்று கால்களுக்குச் சுமை, தோலுக்கோ குளிர்ச்சி. எனவே இரு திசையிலும் ஒரே வேகத்தைப் பிடிக்க முயல வேண்டாம். ஒரே அளவு முயற்சியைப் பிடியுங்கள்.

போட்டியன்று கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 10 வினாடி என்று ஆரம்பியுங்கள்; அதே வேகத்தில் முடித்தால் 4 மணி 20 நிமிடமாகும். முதல் 10 கிலோமீற்றரில் அருகில் ஓடுபவரோடு முழு வாக்கியத்தில் பேச முடியவில்லை என்றால் இன்னும் குறைக்க வேண்டும். 30ஐத் தாண்டியபின் உடல் இடங்கொடுத்தால் வேகத்தைக் கூட்டலாம். முன்கூட்டியே கூட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன். இருபது நிமிடத்தை இழப்பது உங்களுக்குக் கௌரவக் குறைவாகப்படலாம். 2019இல் டோஹாவில் நடைபெற்ற உலக மெய்வல்லுநர் போட்டியில், வெப்பத்துக்கு அஞ்சிப் பெண்கள் மரதனை நள்ளிரவையொட்டி ஆரம்பித்தும், ஓடிய 68 பேரில் 28 பேர் இடையில் விலகினர். வென்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் எடுத்த நேரம் 2 மணி 32 நிமிடம் 43 வினாடி. அதே ஆண்டு ஜனவரியில் டுபாயில் அவர் ஓடிய நேரத்தைவிட அது 15 நிமிடத்துக்கும் அதிகம். தங்கம் வென்றவரே அவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

கேள்வி: ஓடும்போது எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? செவ்விளநீர் மட்டும் போதுமா? (கொட்டாஞ்சேனை வாசகி)

பதில்: எல்லோருக்கும் பொருந்தும் அளவு கிடையாது. ஒரு மணித்தியாலம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்தே. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோரின் இரத்தத்தில் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. செவ்விளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு, வியர்வையில் அதிகம் போகும் சோடியமோ குறைவு. ஓட்டம் முடிந்தபின் தாராளமாகக் குடியுங்கள். நீண்ட ஓட்டத்துக்கு, பாமசியில் கிடைக்கும் ஜீவனி எனும் உப்பும் சீனியும் கலந்த தூளைப் பைக்கற்றில் குறித்த அளவு நீரில் கரைத்து, பயிற்சி நாட்களிலேயே பழகிக்கொள்வது நல்லது. வலிநிவாரணி விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் நம்மவர்களிடம் பரவி வருகிறது. வியர்த்து வற்றிய உடலில் ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் அதைக் கண்டிப்பாகத் தவிருங்கள்.

உடன் ஓடுபவர் தடுமாறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், வியர்த்துக்கொண்டிருந்தாலும் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். அவரை நிறுத்தி, நிழலில் கிடத்தி, கிடைக்கும் குளிர்நீரையும் ஐஸையும் உடலெங்கும் இட்டு, 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழையுங்கள். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: மழை பெய்தால் ஓடலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: தாராளமாக ஓடலாம், கொழும்பில் மழை பெரும்பாலும் நண்பன்தான். தொடை இடுக்கிலும் அக்குளிலும் வஸ்லின் பூசிக்கொள்ளுங்கள், புதுச் சப்பாத்தை அன்று அணிய வேண்டாம். ஆனால் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் பிற்பகல் இடிமழையில் காலி முகத்திடல் போன்ற வெட்டவெளியில் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது. முதல் இடி கேட்டதுமே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடி ஓய்ந்து அரை மணித்தியாலம் கழிந்தபின் வெளியே வாருங்கள்.