நமத்துப்போகும் கார பிஸ்கட் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டு ஓவனில் கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய் போட்டுக் கார பிஸ்கட் செய்கிறேன். சுட்டவுடன் மொறுமொறுவென்று இருக்கிறது. டப்பாவில் போட்டு மறுநாள் எடுத்தால் நமத்துவிடுகிறது. இலையும் கறுத்துப்போகிறது. வீடியோக்களில் தைம் போடு, ரோஸ்மேரி போடு என்று மேல்நாட்டு வாசனை இலைகளைச் சொல்கிறார்கள். அதற்கு நான் மன்னார்குடியில் எங்கே போவது? பேசாமல் கும்பகோணம் வெற்றிலையைப் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அன்புடன்,
மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த முறை நமத்துப்போன பிஸ்கட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நடுவில் பிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு இலைத் துணுக்கைச் சுற்றியும் மாவு கொஞ்சம் வேகாமல், ஈரமாக ஒரு வளையம் தெரியும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பச்சைக் கொத்தமல்லி 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் தண்ணீர். கறிவேப்பிலையிலேயே 60 கிராமுக்கு மேல். சுடும்போது பிஸ்கட்டின் ஓரம் காய்ந்துவிடும், நடுவில் இந்த ஈரம் தங்கிவிடும். டப்பாவை மூடியதும் அது மெல்ல ஓரத்துக்குப் பரவுகிறது. வெளியே ஐப்பசிக் காற்று எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளி முறுக்கே இரண்டு நாள் தாங்காது.

அதனால் இலையை முதல் நாள் இரவே கழுவி, உதறி, வேட்டித் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் விட்டுவிடுங்கள். காலையில் கறிவேப்பிலையைக் கையில் எடுத்தால் சலசலக்க வேண்டும். ஆனால் நிறம் மாறியிருக்கக் கூடாது. கொத்தமல்லியில் தண்டை முழுவதும் கிள்ளிவிட்டு இலையை மட்டும் எடுங்கள். பச்சை மிளகாயைக் கீறி விதையையும் உள் சதையையும் வழித்துவிடுங்கள்.

200 கிராம் மைதாவுக்கு 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. இலையை வெண்ணெயோடு சேர்த்து விரலால் கசக்கிவிட்டு அப்புறம் மாவைப் போடுங்கள். இலையின் வாசனை எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் அவ்வளவாக இறங்காது. சப்பாத்திக்குப் பிசைவது போலப் பிசைய வேண்டாம், ஒன்றாகச் சேர்ந்தால் போதும். 170 டிகிரியில் பதினைந்து நிமிடம் சுட்டு, சூட்டை 110க்கு இறக்கி இன்னொரு இருபது நிமிடம் விடுங்கள். இந்த இரண்டாம் சூட்டைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஈரம் போவது அதில்தான். அப்புறம் முழுக்க ஆறிய பிறகுதான் டப்பா.

ஓவன் இல்லாத தோழிகளுக்கும் சொல்லுங்கள்: அடிகனமான பாத்திரத்தில் வேதாரண்யம் கல்லுப்பைப் பரப்பி, மேலே தட்டு வைத்துச் சுடலாம். ஆனால் அதே கல்லுப்பை அழகுக்காக பிஸ்கட்டின் மேலே தூவாதீர்கள். அதிலுள்ள மெக்னீசிய உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும்.

இலை கறுப்பதற்குக் காரணம் சூடும் புளிப்பும். மாவைச் சேர்க்கத் தயிர் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பாலுக்கு மாறுங்கள், கொஞ்சம் தேறும். பச்சை நிறத்துக்காக சமையல் சோடாவைப் போட்டால் சோப்பு வாடை வந்துவிடும்.

தைம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கிணற்றடியில் கற்பூரவல்லி இருக்கிறதா? தைமுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் ‘தைமால்’ என்ற பொருள் நம் ஓமத்திலும் இருக்கிறது, கற்பூரவல்லியிலும் இருக்கிறது. கடைக்குப் போகவே வேண்டாம். ஆனால் அந்தத் தடித்த இலையைக் கிள்ளினாலே சாறு வடியும், மின்விசிறிக் காற்றுக்கெல்லாம் காயாது. நான் செய்வது இது: ஏழெட்டு இலையைப் பொடியாக நறுக்கி, 100 கிராம் வெண்ணெயில் போட்டுச் சிறு தீயில் வைப்பேன். முதலில் படபடவென்று பொரியும். நெய் காய்ச்சும்போது சத்தம் அடங்குமே, அதே மாதிரி அடங்கியதும் இறக்கிவிடுவேன். சத்தம் நின்றால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். இலையோடு அப்படியே உறையவிட்டு மாவில் சேர்க்க வேண்டியதுதான். வெண்ணெயின் ஈரமும் இதில் போய்விடுவதால் பால் ஒரு கரண்டி கூடுதலாகப் பிடிக்கும். முதல் தடவை இப்படிச் செய்தபோது கூடமெல்லாம் மணத்தது. சளிக்குக் கஷாயம் வைத்துக் குடித்த இலையா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வெற்றிலை வேண்டாம். நானும் போட்டுப் பார்த்தேன். நார் வாயில் தட்டுகிறது, கசப்பும் நிற்கிறது. அது தாம்பூலத்தட்டிலேயே இருக்கட்டும்.

மழை பிடிப்பதற்குள் அரை அளவில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். நான்காம் நாள் டப்பாவைத் திறந்து ஒன்றை ஒடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா