மெடலைக் கொடுத்து எஞ்சினியரிங் சீட் வாங்காதீர்கள்

போன வாரம் சென்னை காசிமேட்டிலிருந்து ஒரு குடும்பம், மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா மீன் லோடு வண்டி ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ. 3,000 மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவிலான பள்ளிப் போட்டியில் வெள்ளி வாங்கியவள். "ஓடிக்கிட்டே இருந்தா யாரு சார் சோறு போடுவாங்க?" என்றார் அம்மா. கவலை நியாயமானதுதான். ஆனால் கூட வந்த மாமா சொன்ன தீர்வை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை: அந்த மெடலைக் காட்டி விளையாட்டு ஒதுக்கீட்டில் எஞ்சினியரிங் சீட் வாங்குவது, அப்புறம் ஓட்டத்தை மூட்டை கட்டுவது.

பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். இயற்பியல் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். 84, 85, 85, 87. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன விநாடிகள், தேதி வாரியாக, ஆறு மாதத்துக்கு. 87-ஐச் சுற்றி சிவப்பு மை வட்டம். அவள் மனசு எங்கே இருக்கிறது என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா?

அம்மா, உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது. தெற்கு ரயில்வேயும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுக்கின்றன. 18 வயது ஆகியிருக்க வேண்டும். எழுத்துத் தேர்வு கிடையாது. மொத்தம் 100 மதிப்பெண்: சாதனைக்கு 50, மைதானத்தில் நடக்கும் சோதனைக்கு 40, படிப்புக்கு 10. பிளஸ் டூ தகுதிக்கான பணியில் அடிப்படைச் சம்பளம் 19,900 ரூபாயிலிருந்து தொடங்கும். பட்டதாரிக்கான மேல்நிலைப் பணிகளில் 29,200 வரை உண்டு. ஆனால் மாநிலப் பள்ளி மெடல் இதற்குப் போதாது. ஜூனியர் தேசியப் போட்டியிலோ அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியிலோ முதல் மூன்று இடத்துக்குள் வர வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டிலோ அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ வாங்கியதாக இருக்க வேண்டும். நான்கு வருடம் ஓடாமல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு வந்தால் பழைய சான்றிதழ் எதற்கும் ஆகாது. மாமாவிடம் இதைத்தான் சொன்னேன்.

அதனால் நல்ல அத்லெடிக்ஸ் அணி உள்ள கலைக்கல்லூரியாகப் பார்த்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் சேருங்கள். அந்த மூன்று வருடமும் பல்கலைக்கழகப் போட்டிதான் இலக்கு. நெடுந்தூர ஓட்டத்தில் உடம்பு மெதுவாகத்தான் பழுக்கும். பாருல் சௌத்ரி 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 28, ரயில்வேயில் வேலை. உங்கள் மகளுக்கு 17தான் ஆகிறது. ஒருவேளை அந்த மூன்றாம் இடம் கிட்டவில்லையா? கையில் டிகிரி இருக்கும், பி.பி.எட். படித்து உடற்கல்வி ஆசிரியராகலாம்.

பணம் விஷயத்தில் மட்டும் நான் கறார். எஞ்சினியரிங்குக்காக நகையை அடகு வைக்காதீர்கள். லட்சம் கேட்கும் தனியார் அகாடமியும் வேண்டாம்; பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்குப் பஸ்ஸில் போய்விடலாம். யாராவது பவுடரோ ஊசியோ கொடுத்தால் தொடவே கூடாது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் நான்கு வருடம் வரை தடை, ரயில்வே கனவும் அதோடு போச்சு. இப்போதைக்கு ஒரே ஒரு செலவு செய்யுங்கள். அவள் இடது ஷூவின் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து உள்துணி தெரிகிறது. இந்த மாதமே மாற்றிக் கொடுங்கள்.